கல்லூரி மலர்களில் படப் பயன்பாடு: பதிப்புரிமையும் களப்பணி அறமும்

ஆய்வுச் சுருக்கம்

கல்லூரி ஆண்டு மலர், துறை இதழ், மாணவர் ஆய்வுத் தொகுப்பு ஆகியவற்றில் பிறர் எடுத்த ஒளிப்படங்களும் பிறர் வரைந்த ஓவியங்களும் இசைவின்றியும் பெயரின்றியும் இடம்பெறுவது வழக்கமாகியுள்ளது. கல்விப் பயன்பாடு என்னும் விலக்கு இவ்வழக்கத்திற்கு எந்த அளவு இடம் தருகிறது என்பதை இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. அச்சட்டம் படம் எடுத்தவரின் உரிமையைக் காக்கிறது. படத்தில் இருப்பவரைப் பெரிதும் கருதுவதில்லை. தமிழ்த்துறைகளின் களப்பணிப் படங்களைப் பொறுத்தவரை இவ்விடைவெளியே முதன்மையான சிக்கல் என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: பதிப்புரிமை, ஒளிப்படம், ஆண்டு மலர், களப்பணி, இசைவு

முன்னுரை

கல்லூரி மலர்களைப் புரட்டுவோர் கண்ணில் அடிக்கடி படும் தொடர் 'நன்றி: கூகுள்' என்பதாகும். கூகுள் படம் எடுப்பதில்லை. படம் இருக்கும் இடத்தைத் தேடிக் காட்டுகிறது. நூலகத்தின் நூற்பட்டியலுக்கு நன்றி கூறிவிட்டு நூலாசிரியர் பெயரை விட்டுவிடுவதற்கு ஒப்பானது இது. உரைப்பகுதியை எடுத்தாளும் மாணவரிடம் ஆசிரியர், நூல், பதிப்பாண்டு, பக்க எண் ஆகியவற்றைத் தவறாது கேட்கும் நெறியாளர், படத்தை எடுத்தாளும் மாணவரிடம் அவற்றுள் ஒன்றையும் கேட்பதில்லை. படம் மேற்கோளாகக் கருதப்பெறாமல் பக்கத்தை நிரப்பும் அணியாகக் கருதப்பெறுவதே இதற்குக் காரணம் எனலாம்.

கல்வி விலக்கின் எல்லை

'கல்விக்காகத்தானே பயன்படுத்துகிறோம், விற்பனைக்கு அன்றே' என்பது இதற்குப் பொதுவாகக் கூறப்பெறும் விடை. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுப்பதை மீறலாகக் கொள்வதில்லை. தேர்வு வினாக்களுக்கும் விடைகளுக்கும் இவ்விலக்கு உண்டு. தில்லிப் பல்கலைக்கழக ஒளிநகல் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2016இல் வழங்கிய தீர்ப்பு, கற்பித்தல் என்பதை வகுப்பறை விரிவுரையோடு சுருக்காமல் விரிந்த பொருளில் கொண்டது. பாடப் பகுதிகளைத் தொகுத்து ஒளிநகல் எடுப்பதற்கு அதனால் இடம் கிடைத்தது.

எனினும் அத்தீர்ப்பு கற்பித்தலைப் பற்றியது. ஆண்டு மலர் பாடத்திட்டத்தின் கூறு அன்று. பெற்றோர், பழைய மாணவர், பிற கல்லூரிகள் எனப் பலரைச் சென்றடையும் வெளியீடு. வகுப்பில் திரையிட்டுக் காட்டிய படத்தை மலரின் அட்டையில் அச்சிடும்போது விலக்கின் நிழலை விட்டு வெளியே வந்துவிடுகிறோம். விற்பனை இன்மையும் உரிமையை இல்லாததாக்கிவிடாது. ஒரு நூலை மதிப்புரை செய்கையில் அதன் அட்டைப்படத்தைச் சிறிதாக வெளியிடுவது வேறு. திறனாய்வு, மதிப்புரை ஆகியவற்றுக்கான நேர்மையான பயன்பாட்டிற்கு அதே பிரிவு தனியே இடம் தருகிறது.

இரு வள்ளுவர் உருவங்கள்

சட்டத்தின் நுட்பம் புலப்படத் தமிழ்த்துறை வெளியீடுகளில் மிகுதியாக இடம்பெறும் வள்ளுவர் உருவத்தையே எடுத்துக்கொள்ளலாம். கன்னியாகுமரியில் 133 அடி உயரத்தில் நிற்கும் வள்ளுவர் சிலை, வை. கணபதி ஸ்தபதியால் உருவாக்கப்பெற்று 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பெற்றது. அதன் பதிப்புரிமை எவரிடம் இருப்பினும், பொதுமக்கள் சென்றுவரும் இடத்தில் நிலையாக அமைந்த சிற்பத்தை ஒளிப்படம் எடுத்து வெளியிடுவது 52ஆம் பிரிவின்படி மீறல் ஆகாது. மாணவர் தம் கைப்பேசியில் எடுத்த சிலைப்படத்தை மலரில் தடையின்றி அச்சிடலாம். வேறொருவர் எடுத்த சிலைப்படத்தையோ அவ்வாறு அச்சிட இயலாது. சிலைக்கு உள்ள விலக்கு, சிலையை எடுத்த படத்திற்கு இல்லை.

இரண்டாவது, நாம் அனைவரும் அறிந்த வள்ளுவர் ஓவியம். இதனை வழிவழி வந்த பழைய உருவம் என எண்ணும் மாணவர் பலர். இது கே. ஆர். வேணுகோபால் சர்மா என்னும் ஓவியர் இருபதாம் நூற்றாண்டில் வரைந்தது. 1964இல் சட்டமன்றத்தில் திறந்துவைக்கப்பெற்றது. சிற்பத்திற்குரிய மேற்கண்ட விலக்கு ஓவியத்தைத் தழுவாது. ஓவியத்திற்கான பதிப்புரிமை பொதுவாக ஓவியர் வாழ்நாளும் அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் நீடிப்பது. இவ்வோவியத்தின் உரிமைநிலை எவ்வாறாயினும், பெயர் கூறப்பெறும் உரிமையைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு படைப்பாளிக்குத் தனியே தந்துள்ளது. பதிப்புரிமையைப் பிறருக்கு மாற்றித் தந்த பின்னரும் அது அவரோடு நிற்பது. குறளுக்கு உரை கண்டவர் பத்துப் பேரையும் மனப்பாடமாகக் கூறும் துறையில், வள்ளுவருக்கு முகம் தந்தவர் பெயர் ஒரு மலரிலும் காணப்பெறாமை வியப்பிற்குரியது.

ஒளிப்படங்களுக்கு முன்னர் வெளியான காலத்திலிருந்து 60 ஆண்டுகள் என்றிருந்த காப்புக் காலம், 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஓவியத்தைப் போலவே வாழ்நாளும் 60 ஆண்டுகளும் ஆயிற்று. 'பழைய படம்தானே' என்னும் எண்ணம் இதனால் மேலும் வலுவிழக்கிறது.

மாணவர் படைப்பும் திறந்த உரிமமும்

மலருக்கு மாணவர் வரைந்து தரும் ஓவியம் மாணவருக்கே உரியது. அவர் கல்லூரியின் ஊழியர் அல்லர். உரிமை மாற்றம் எழுத்து வடிவில் இருத்தல் வேண்டும் என்கிறது சட்டம். எனவே மலரில் வெளியிடத் தந்த ஓவியத்தைக் கல்லூரி மறு ஆண்டு சேர்க்கை விளம்பரத்திற்குப் பயன்படுத்த வேண்டுமாயின் மீண்டும் கேட்க வேண்டும். ஊதியம் தந்து அமர்த்திய ஒளிப்படக்காரர் எடுத்த விழாப் படங்களின் நிலை வேறு. மாறான உடன்பாடு இல்லையெனில் அமர்த்தியவரே முதல் உரிமையாளர்.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கும் படங்கள் மாணவர் இதழ்களுக்குப் பெரிதும் உதவுவன. ஆயின் 'இலவசம்' என்பதோடு படிப்பு நின்றுவிடுகிறது. படைப்பாளர் பெயர், மூலம், உரிமத்தின் பெயர் ஆகியவற்றைக் குறிப்பதும், வண்ணம் மாற்றியிருப்பின் அதைத் தெரிவிப்பதும் அவ்வுரிமங்களின் கட்டளைகள். மாற்றம் கூடாது என்னும் உரிமமும் அவற்றுள் உண்டு.

படத்தில் இருப்பவர்

இதுவரை கூறியவை எடுத்தவர், வரைந்தவர் ஆகியோரின் உரிமைகள். நாட்டார் வழக்காற்றியல் பயிலும் மாணவர் ஊருக்குச் சென்று ஒப்பாரி பாடும் மூதாட்டியைப் படம் எடுக்கிறார். அப்படத்தின் பதிப்புரிமை மாணவருக்கு உரியது. மூதாட்டிக்கு அதில் பங்கில்லை. தெருக்கூத்துக் கலைஞருக்குச் சட்டம் சற்றுக் கூடுதலாகத் தருகிறது. 38ஆம் பிரிவின்படி அவர் நிகழ்த்துநர். தம் ஆட்டத்தைக் காணொலியாகப் பதிவதில் அவருக்கு உரிமை உண்டு. உண்மையான கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் மட்டுமே செய்யும் பதிவுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் காட்சிப் பதிவு என்பதற்குச் சட்டம் தரும் வரையறை அசையும் உருவங்களைக் குறிப்பது. அதே ஆட்டத்தை அசையா ஒளிப்படமாக எடுத்தால் அவ்வுரிமை எட்டுவதில்லை. மலரில் அச்சாவன பெரும்பாலும் அசையாப் படங்களே.

எனவே பதிப்புரிமை நோக்கில் சற்றும் பிழையில்லாத ஒரு பக்கம் அற நோக்கில் பிழையுடையதாக அமையக்கூடும். 'படம்: இரண்டாமாண்டு முதுகலை மாணவர்' என எடுத்தவர் பெயரை முறையாக அச்சிட்டு, படத்தில் இருப்பவரை 'ஒரு பழங்குடிப் பெண்' என்று மட்டும் சுட்டும் பக்கத்தைச் சான்றாகக் கொள்ளலாம். அவரை ஒரு வகைமாதிரியாக்குகிறது அவ்வழக்கு. பாடலைத் தந்தவர் பெயர், ஊர், அகவை ஆகியவற்றைத் தகவலாளர் பட்டியலில் சேர்க்கும் களப்பணி மரபு நம்மிடம் உண்டு; அது படத்தின் அடிக்குறிப்பிற்கும் வர வேண்டும். பெயர் கூறுவதால் தீங்கு நேரும் இடங்களும் உண்டு. சாதிப் பூசலையோ குடும்பத் துயரையோ பற்றிப் பேசியவரின் முகம் அச்சில் வராதிருப்பதே நன்று. எது தகும் என்பதை மாணவர் தனியே துணிதல் ஆகாது. அவரிடமே கேட்டறிதல் வேண்டும்.

இசைவு பெறுதல் என்பது கையொப்பத் தாளை நீட்டுவது அன்று. இழவு வீட்டில் 'படம் எடுக்கலாமா' எனக் கேட்டால் மறுக்கும் நிலையில் எவரும் இரார்; அத்தகைய தலையசைப்பை இசைவாகக் கொள்வது முறையன்று. எங்கே அச்சாகும், எத்தனை பேர் காண்பர், இணையத்திலும் வெளியாகுமா என்பவற்றை அவர் பேசும் தமிழில் கூறிய பின்னரே இசைவுக்குப் பொருள் உண்டு. எழுத அறியாதவரின் இசைவை அவர் குரலிலேயே பதிந்து கொள்ளலாம்.

சிறாரைப் பொறுத்தவரை சட்டமே கடுமையானது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் குழந்தைகள் இல்லத்திற்குச் சென்று உணவு வழங்கும் படம் மலர்களில் இயல்பாக இடம்பெறுகிறது. அவ்வில்லத்துச் சிறார் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுவோராகக் கருதப்பெறுபவர். இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் 74ஆம் பிரிவு அத்தகைய சிறாரின் படத்தை வெளியிடுவதைத் தடை செய்து, மீறுவோர்க்கு ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு இலட்சம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கிறது. இல்லப் பொறுப்பாளர் வாய்மொழியாகத் தரும் இசைவு இதற்கு ஈடாகாது. கொடுக்கும் கையைக் காட்டப் பெறும் முகம் தேவையில்லை என்பதையும் ஈண்டுக் கூறலாம்.

மலர்கள் இப்போது கல்லூரி இணையதளத்திலும் ஏற்றப்பெறுகின்றன. அச்சுப் படி சில நூறு பேரோடு நிற்கும். இணையப் படியைத் தேடுபொறி எவர்க்கும் காட்டும். படத்தில் இருப்பவர் பின்னாளில் மனம் மாறி நீக்கக் கோரினால் யாரிடம் சொல்வது என்பது பெரும்பாலான மலர்களில் குறிக்கப்பெறுவதில்லை. பதிப்பாசிரியர் பக்கத்தில் துறையின் முகவரியை அதற்கென ஒரு வரியில் தருவதும், களத்திற்கு மீண்டும் செல்லும் மாணவர் அச்சான மலரின் ஒரு படியை அம்மூதாட்டியிடம் கொண்டு சேர்ப்பதும் துறைகள் உடனே செய்யத்தக்கன.