செலவை முன்பே கேளுங்கள்

கொத்தனார் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. "தினமும் பிசியோதெரபி செய்ய வேண்டும்" என்றார் டாக்டர். கை காலை அசைத்துப் பழக்கும் சிகிச்சை அது. நாலு நாளில் முடியாது. மாதக் கணக்கில் ஆகும்.

இங்கேதான் பலருக்குக் கணக்கு தவறுகிறது. ஒரு தடவைக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சின்னத் தொகைதான். 40 தடவை போனால்? 12,000 ரூபாய்! பணம் தீர்ந்து பாதியில் நிறுத்தினால் கை கால் தேறுவது தடைப்படும்.

கொத்தனாரின் மனைவி முதலில் அரசு மருத்துவமனையில் விசாரித்தார். அங்கே அந்தப் பிரிவு இல்லை. தனியார் நிலையத்துக்குப் போனார். முதல் நாளே கேட்டார்.

"சார், ஒரு தடவைக்கு எவ்வளவு? எத்தனை தடவை வர வேண்டும்? கரண்டு மெஷின் வைத்தால் தனிக் காசா?"

"இப்போதே முழுசாகச் சொல்ல முடியாது அம்மா."

"அப்போ முதல் 10 தடவைக்கு எழுதிக் கொடுங்கள். பிறகு பார்ப்போம்."

எழுதிக் கொடுத்தார். கேட்டால் கோபிப்பார்களோ என்று பயம் எதற்கு? ஜவுளிக் கடையில் விலை கேட்காமல் துணி கிழிக்கச் சொல்வோமா?

சட்டமும் துணை நிற்கிறது. மத்திய அரசின் 2010-ஆம் ஆண்டுச் சட்டமும் 2012 விதிகளும் கட்டணத்தை எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வைக்கச் சொல்கின்றன. உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும். இந்தச் சட்டம் எல்லா மாநிலங்களிலும் இல்லை. புதுச்சேரியில் உண்டு. தமிழ்நாட்டுக்கு 1997-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது.

ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். சொன்னதற்கு மேல் வாங்கினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம்.