வெங்காயத்தாள் ஏன் மூன்றே நாளில் கொழகொழக்கிறது?

கேள்வி: எங்களுக்குச் சேவுகம்பட்டி. கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் சின்ன வெங்காயம் போட்டிருக்கிறோம். பயிர் நெருக்கமாக இருக்கிற இடத்தில் இடையிடையே பிடுங்கி, தாளோடு வீட்டுக்குக் கொண்டுவருவேன். பாசிப்பருப்புப் போட்டுப் பொரியல் செய்வதற்கும், பிள்ளைகள் கேட்கிற ஃப்ரைடு ரைசுக்கும் ஆகும். ஆனால் அதைக் கெடாமல் வைத்துக்கொள்ளத்தான் தெரியவில்லை. வெளியே வைத்தால் மறுநாளே வாடி மஞ்சளாகிறது. கழுவி, பாலித்தீன் கவரில் இறுக்கிக் கட்டி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்றே நாளில் கொழகொழத்துப் போகிறது. பாலிலும் இட்லி மாவிலும் வெங்காய வாடை ஏறிவிடுகிறது. செம்புத் தண்ணீரில் நிறுத்தி வை என்கிறார் என் மாமியார். பட்டறையில் காயோடு சேர்த்துப் போடு என்கிறார் வீட்டுக்காரர். எது சரி? கரன்ட் இல்லாத நேரத்தில் என்ன செய்வது?
— ஒரு வாசகி, சேவுகம்பட்டி

பதில்: உங்கள் மாமியார் சொல்வதுதான் சரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்காரர் சொல்வது காய்க்குப் பொருந்தும், தாளுக்கு ஆகாது. இரண்டும் ஒரே செடியில் வந்தவைதான் என்றாலும் வைத்துக்கொள்ளும் முறை நேர் எதிரானது.

காய் முற்றும்போது தாள் தானாகச் சாயும், கழுத்து சுருங்கும், மேல்தோல் சருகாகும். அப்படி உலர்ந்த காய் உறக்க நிலைக்குப் போய்விடுகிறது. அதற்கு வேண்டியது உலர்ந்த காற்று மட்டுமே. அதனால்தான் திண்டுக்கல் பக்கத்தில் கல் வைத்து, மேலே கட்டை போட்டுத் தரைக்கு மேல் உயர்த்திப் பட்டறை போடுகிறார்கள். அடியிலிருந்தும் பக்கத்திலிருந்தும் காற்று ஓடும். காய் மாதக் கணக்கில் கிடக்கும். பச்சைத் தாளை அதற்குள் போட்டால் தாள் ஒரே நாளில் வதங்கும். அதன் ஈரம் பட்ட இடத்தில் காயும் அழுகத் தொடங்கும். இரண்டுக்கும் நஷ்டம்.

தாளோ பிடுங்கிய பிறகும் வளர்ந்துகொண்டே இருக்கிற பொருள். ஒரு பிடித் தாளை ராத்திரி மேசையில் படுக்கவைத்துவிட்டுக் காலையில் பாருங்கள், நுனிகள் மேல்நோக்கி வளைந்திருக்கும். வேர் மண்ணில் இல்லாவிட்டாலும் அது வானத்தைத் தேடுகிறது. வளர்கிற பொருள் வேகமாக மூச்சுவிடும். அதனால் சூடு உண்டாகும். உள்ளே இருக்கிற சர்க்கரையும் நீரும் தீரும். வாழைநார் போட்டு இறுக்கிக் கட்டிய கட்டின் நடுவில் விரலை விட்டுப் பார்த்தால் வெளியே இருப்பதைவிட வெதுவெதுப்பாக இருக்கும். அழுகல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சந்தையில் வாங்கினாலும் தோட்டத்தில் பிடுங்கினாலும் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை கட்டைப் பிரிப்பதுதான்.

குளிர்பதனக் கிடங்குகளில் இதைப் பூஜ்யம் டிகிரியில், காற்றின் ஈரப்பதம் 95 விழுக்காட்டுக்கு மேல் வைத்து, மூன்று நான்கு வாரம் காப்பாற்றுகிறார்கள். நம் வீட்டு ஃப்ரிட்ஜ் நாலைந்து டிகிரியில் ஓடுகிறது. அடிக்கடி கதவும் திறக்கிறோம். ஆகவே ஒரு வாரம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அதுவும் உங்களுடைய சின்ன வெங்காயத் தாள் மெல்லியது. கடையில் ஸ்பிரிங் ஆனியன் என்று விற்கிற தடித்த தாளைவிடச் சீக்கிரம் வாடும்.

இனி நீங்கள் செய்ததைப் பார்ப்போம். கழுவினீர்கள், பிறகு இறுக்கிக் கட்டினீர்கள். வெங்காயத்தாள் உள்ளே குழல். நுனி எங்காவது ஒடிந்திருந்தால் கழுவுகிற தண்ணீர் அதற்குள் இறங்கித் தேங்கிவிடும். மேலே எவ்வளவு துடைத்தாலும் உள்ளே இருப்பது போகாது. கட்டிய கவருக்குள் தாள் விடும் மூச்சின் ஈரமும் சேர்ந்து துளித்துளியாக இலைமேல் விழும். அழுகச் செய்யும் நுண்ணுயிருக்கு இதைவிட வசதி வேறு வேண்டியதில்லை. தாளைச் சுற்றி ஈரக்காற்று வேண்டும்; தாளின் மேல் தண்ணீர் நிற்கக் கூடாது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாம் தானாக விளங்கும்.

வெயில் ஏறுவதற்கு முன், பனி உலர்ந்ததும் பிடுங்குங்கள். மண்ணை உதறுங்கள், கழுவாதீர்கள். வேரை நறுக்காதீர்கள். மஞ்சளானது, நசுங்கியது, நுனி கருகியது எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஒரு அழுகல் தாள் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அரைமணி நேரம் நிழலில், ஒரு துணியில் பரப்பி, உடம்புச் சூடு ஆறவிடுங்கள். பிறகு பழைய வேட்டித் துணியை நனைத்து, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஒட்டப் பிழிந்து, வேர்ப்பக்கத்தையும் வெள்ளைத் தண்டையும் மட்டும் அதில் சுற்றுங்கள். பச்சைப் பகுதிக்கு உலர்ந்த துணி போதும். மொத்தத்தையும் ஒரு கவருக்குள் விட்டு, வாயைக் கட்டாமல் மடித்து மட்டும் வையுங்கள். ஃப்ரிட்ஜின் அடியில் இருக்கிற காய்கறி டிரேதான் இடம். முடிந்தால் படுக்கவைக்காமல் சாய்த்து நிறுத்துங்கள். ஃப்ரீசருக்கு அடித் தட்டில் வைத்தால் தாள் உறைந்து கண்ணாடி மாதிரியாகி, வெளியே எடுத்ததும் தொளதொளத்துவிடும். இரண்டு நாளைக்கு ஒருதரம் துணியை மாற்றுங்கள். அந்த இரண்டு நிமிஷ வேலைதான் நாலு நாளைக் கூட்டித் தரும்.

வாடை ஏறுவதைப் பற்றிக் கேட்டீர்கள். தாளை நறுக்கினாலோ நசுக்கினாலோ உள்ளே இருக்கிற ஒரு நொதி கந்தகச் சத்தோடு கலந்து அந்த வாடையைக் கிளப்புகிறது. முழுத்தாள் அவ்வளவு வாடை விடாது. நறுக்கியதை மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில், அடியில் ஒரு உலர்ந்த துணி போட்டு வையுங்கள். மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். பாலையும் மாவையும் மூடி வையுங்கள். நறுக்கும் கத்தி கூராக இருக்கவேண்டும். மொண்ணைக் கத்தி நறுக்குவதில்லை, நசுக்குகிறது. வாடையும் கூடும், சீக்கிரமும் கெடும்.

வாழைப்பழத்தையும் பக்கத்தில் வைக்காதீர்கள். பழுக்கிற பழம் விடும் எத்திலீன் வாயு பச்சை இலைகளைச் சீக்கிரம் மஞ்சளாக்கும். உங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் தை மாதம் வாழைப்பழம் சூறைவிடும் சமயத்தில் வீட்டில் கூடை கூடையாகப் பழம் இருக்கும். ஐப்பசிப் பட்டத்து வெங்காயமும் வீட்டுக்கு வருகிற காலம் அதுதான். இரண்டையும் ஒரே அறையில் அடைக்காதீர்கள்.

இன்னொன்று, பலர் நல்ல தாளையே கெட்டதென்று தூக்கிப் போடுகிறார்கள். புதுத் தாளைக் கிள்ளினால் குழலுக்குள் கண்ணாடி போன்ற ஒரு வழவழப்பு வரும். அது செடியின் இயல்பு, தாராளமாகச் சமைக்கலாம். வெளிப்புறம் பிசுபிசுத்து, விரலில் தோல் உரிந்துவந்து, வாடையும் மாறியிருந்தால்தான் அழுகல்.

மாமியார் சொன்ன செம்புத் தண்ணீருக்கு வருகிறேன். வேர் முங்குகிற அளவு, அதாவது இரண்டு விரற்கடைத் தண்ணீர் போதும். கழுத்துவரை ஊற்றினால் வெள்ளைத் தண்டு அழுகும். தினமும் தண்ணீரை மாற்றி, வேரை ஒருதரம் அலசுங்கள். வெயில் நேராகப் படாத, வெளிச்சமுள்ள இடம் வேண்டும். நாலைந்து நாள் பழுதில்லாமல் நிற்கும்; புது வேரும் விடும். செம்பைவிடக் கண்ணாடி டம்ளர் வசதி, தண்ணீர் கலங்குவது கண்ணுக்குத் தெரியும்.

கரன்ட் இல்லாத நேரத்துக்கும், ஃப்ரிட்ஜே இல்லாத வீட்டுக்கும் மண்பானை இருக்கிறது. பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடைவெளியில் மணலை நிரப்பி, காலையும் மாலையும் மணலை நனையுங்கள். தாளைத் துணியில் சுற்றி உள்பானையில் நிறுத்தி, வாயை ஈரச் சாக்கால் மூடுங்கள். மணலின் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கிற சூட்டை இழுத்துக்கொண்டு போகும். நைஜீரியாவில் முகம்மது பா அப்பா என்ற ஆசிரியர் 1990களில் இந்தப் பானைக்குள் பானையை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்; அதற்காக அவருக்கு ரோலக்ஸ் விருதும் கிடைத்தது. புதுடெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1980களிலேயே இதே தத்துவத்தில் செங்கல் அறை ஒன்றை வடிவமைத்தார்கள். இரட்டைச் சுவர், நடுவில் ஆற்றுமணல், தினம் இருவேளை தண்ணீர். கோடையில் வெளியே இருப்பதைவிட உள்ளே 10 முதல் 15 டிகிரி வரை குறையும், ஈரப்பதம் 90 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். மின்சாரமே வேண்டாம். காற்று வறண்டிருக்கும் பங்குனி, சித்திரையில் இது அருமையாக வேலைசெய்யும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் ஆவியாவது குறையும், குளிர்ச்சியும் குறையும். அப்போது வெளியே இருக்கிற குளிரே பாதி காப்பாற்றிவிடும்.

அதிகமாக வந்துவிட்டால் ஃப்ரீசர் உதவும். கழுவி, ஈரம் முழுதும் போகும்வரை மின்விசிறிக்கடியில் உலர்த்தி, நறுக்கி, தட்டில் பரப்பி உறையவைத்து, பிறகு டப்பாவில் அடையுங்கள். இரண்டு மூன்று மாதம் வரும். மொறுமொறுப்பு போய்விடும், கூட்டுக்கும் குழம்புக்கும் ஆகும், பச்சையாகத் தூவ ஆகாது. காய் மிஞ்சினால் இருக்கவே இருக்கிறது வெங்காய வடகம்.

பச்சையாகச் சாப்பிடுவதென்றால் ஓடுகிற தண்ணீரில் தாள்தாளாகப் பிரித்துக் கழுவுங்கள். 2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஓர் உணவகத்தில் பரிமாறிய பச்சை வெங்காயத்தாள் வழியாக 600க்கும் மேற்பட்டவர்களுக்கு ஹெபடைட்டிஸ்-ஏ மஞ்சள் காமாலை வந்தது, உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. குழலும் இடுக்குமாக இருக்கிற இலையில் கிருமி ஒளிந்துகொள்ள இடம் அதிகம். பிள்ளைகளுக்கு வதக்கியே கொடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். சின்ன வெங்காயத்தில் இலைப்பேனுக்கு மருந்தடிக்காத தோட்டம் அபூர்வம். காய் மண்ணுக்குள் இருக்கிறது. மருந்து விழுவதெல்லாம் தாளின் மேல்தான். தாளின் மெழுகுப் பூச்சில் மருந்து வழுக்கி விழாமல் இருக்க ஒட்டும் திரவமும் கலந்தே அடிக்கிறோம், ஆகவே சும்மா அலசினால் போகாது. மருந்து லேபிளில் அறுவடைக்கு முன் எத்தனை நாள் காத்திருக்கவேண்டும் என்று அச்சிட்டிருக்கும். அந்த நாள் கழியாமல் ஒரு தாளைக்கூட அடுப்படிக்குக் கொண்டுவராதீர்கள். மிஞ்சிய விதைக்காயைத் தொட்டியில் ஊன்றித் தாள் எடுப்பதும் நல்ல வழிதான், ஆனால் பூசணக்கொல்லி கலந்து விதைநேர்த்தி செய்த காயை அதற்கு எடுக்கவே கூடாது. வீட்டுக்காரரிடம் சொல்லி, கிணற்றோரம் ஒரு பாத்தியை மருந்தடிக்காமல் தாளுக்கென்றே விடச் சொல்லுங்கள். வேண்டும்போது வேண்டிய அளவு பிடுங்கிக்கொள்ளலாம். வைத்துக் காப்பாற்ற வேண்டிய தேவையே பாதி குறைந்துவிடும்.