உதவியாளரும் உரிமமும்

பல் வைத்தியரின் நாற்காலியருகே நின்று கருவிகளை எடுத்துக் கொடுப்பவர் உதவியாளர். பற்களிற் படிந்த காரையைச் சுரண்டி அகற்றுதற்குக் கற்று உரிமம் பெற்றவர் ஹைஜீனிஸ்டு. பின்னவர்க்குரிய பணியை முன்னவர் செய்தல் தகுமோ என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் வாதம். அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கனெக்டிகட் இராச்சியத்துப் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்பிரெட் போன்ஸ் என்னும் பல் வைத்தியர் இருந்தார். பல் கெட்டபின் பிடுங்குதலினும் கெடாமற் காத்தலே நன்றென்று துணிந்த அவர், 1906-இல் தம் உதவியாளராகிய ஐரீன் நியூமன் அம்மையார்க்குப் பற்களைச் சுத்திசெய்யும் முறையைக் கற்பித்தார். 1913-இல் இதற்கெனவே ஒரு பள்ளியும் தொடங்கினார். மறுவாண்டில் 27 பெண்மணிகள் அதில் தேறினர். 1917-இல் முதல் உரிமம் நியூமன் அம்மையார்க்கே கிடைத்தது. ஆகவே, உரிமம் பெற்ற முதல் ஹைஜீனிஸ்டு ஓர் உதவியாளரே! உதவியாளர் கை இப்பணிக்கு என்றுமே ஆகாதென்பார் கூற்று இதனால் வலியிழக்கின்றது.

எனினும், அம்மையார் நாற்காலியருகே நின்ற பழக்கத்தால் மட்டும் அப்பணியை ஏற்றாரல்லர், கற்பிக்கப்பெற்றே ஏற்றார். இந்நாளில் ஹைஜீனிஸ்டு ஆவோர் பெரும்பாலும் இரண்டாண்டேனும் கல்லூரியிற் பயின்று, தேர்வுகளில் தேறியே உரிமம் பெறுகின்றனர்.

கான்ஸஸ் இராச்சியத்தில் 1998-இல் இயற்றிய சட்டம் ஓர் இடைவழி கண்டது. பயிற்சி பெற்ற உதவியாளர், பல் வைத்தியரின் மேற்பார்வையில், ஈறுகளுக்கு மேலுள்ள காரையை மட்டும் அகற்றலாம் என்பதே அது. ஹைஜீனிஸ்டுகள் அரியராகிய சிற்றூர்களில் நோயாளிகள் காத்திருந்து வருந்தாமைக்கு இது துணையாம் என்பர் ஒரு சாரார். மற்றொரு சாரார், ஈற்றுநோய் வேரூன்றுவது ஈறுகளின் கீழன்றோ என்பர். மேற்புறம் வெண்மையாகக் கண்ட நோயாளி நோய் நீங்கிற்றென மகிழ்ந்து வீடு திரும்புவார்; உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். மேலும், இதய வால்வில் நோயுள்ளார் சிலர்க்கு, ஈறு கீறுண்டு கிருமி இரத்தத்திற் கலத்தல் உயிர்க்கே கேடாகலாம். யாவர்க்கு முன்மருந்து வேண்டுமென அறிந்தே கருவியைத் தொடுதல் வேண்டும்.

இவற்றை நோக்குமிடத்து, மேற்புறக் காரையைப் பயின்ற உதவியாளர், வைத்தியர் முன்னும் பின்னும் நோயாளியைச் சோதிக்கும் இடத்து, அகற்றுதல் தகும். ஈறுகளின் கீழ்ச் செய்யும் பணி உரிமம் பெற்றார்க்கே உரியது என்பது எம் துணிபு. அதனை விரும்பும் உதவியாளர்க்குத் தேர்வை எளிதாக்கல் வேண்டா. கல்வியை எளிதிற் கிடைக்கச் செய்தல் வேண்டும். நியூமன் அம்மையார் சென்ற வழியும் அதுவே.