வாக்கெடுப்புக்குப் பின்: எல்லை மாவட்டங்களில் சட்டத்தின் பயணம்

கேரளத்தின் கிழக்கு எல்லையில் பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களும் தமிழ்நாட்டை ஒட்டி அமைந்துள்ளன. வாளையாறு வழியாகச் சரக்கு லாரிகளும், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகத் தோட்டத் தொழிலாளரும் நாள்தோறும் எல்லையைக் கடக்கின்றனர். ஆறுகளுக்கும் நிலத்தடி நீருக்கும் நோய்க்கும் எல்லைக்கோடு தெரியாது. ஆனால் சட்டத்திற்கு எல்லை உண்டு. சுகாதாரம், போக்குவரத்து, சுற்றுச்சூழல் ஆகிய துறைகளில் ஒரு மசோதா சட்டமன்றத்தில் வெற்றி பெற்றவுடன் மக்களுக்குப் பயன் கிடைத்துவிடும் என்று கருதுவது இயல்பே. இம்மாவட்டங்களின் அனுபவம், வாக்கெடுப்பு என்பது ஒரு நீண்ட பயணத்தின் நடுக்கட்டமே என்பதைக் காட்டுகிறது.

அதிகாரப் பகிர்வு

நமது அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, சட்டமியற்றும் அதிகாரத்தை மூன்று பட்டியல்களாகப் பிரித்துள்ளது. பொதுச் சுகாதாரமும் தண்ணீரும் மாநிலப் பட்டியலில் உள்ளன. ஆயினும் மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகளை ஒழுங்குபடுத்துதல் மத்தியப் பட்டியலைச் சார்ந்தது. மோட்டார் வாகனங்களும், ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்குத் தொற்றுநோய் பரவாமல் தடுத்தலும் பொதுப் பட்டியலில் அடங்கும். காடுகளும் வனவிலங்குப் பாதுகாப்பும் 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டன. ஆகவே எல்லைப்புறத்தில் எழும் ஏறக்குறைய ஒவ்வொரு பிரச்சினையும் ஒன்றுக்கு மேற்பட்ட பட்டியல்களைத் தொடுகிறது.

பிளாச்சிமடை: ஒப்புதல் பெறாத மசோதா

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், பெருமாட்டி ஊராட்சியைச் சேர்ந்தது பிளாச்சிமடை. 2000-ஆம் ஆண்டில் இங்கு ஹிந்துஸ்தான் கோகோ கோலா நிறுவனத்தின் குளிர்பான ஆலை இயங்கத் தொடங்கியது. கிணற்று நீர் குறைந்ததாகவும் கெட்டுப்போனதாகவும் கூறி, 2002 ஏப்ரலில் ஆதிவாசி மக்கள் போராட்டத்தைத் தொடங்கினர். நிறுவனம் இக்குற்றச்சாட்டுகளை மறுத்தது. 2003-இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து என்றும், அதைக் காப்பது அரசின் கடமை என்றும் தீர்ப்பளித்தார். 2005-இல் டிவிஷன் பெஞ்சு வேறு கருத்துக் கொண்டு, குறிப்பிட்ட அளவு நீரெடுக்க அனுமதித்தது. ஆனால் 2004 மார்ச்சிலேயே ஆலையின் உற்பத்தி நின்றுவிட்டது.

மாநில அரசு அமைத்த உயர்மட்டக் குழு, 2010-இல் மொத்த இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதன் அடிப்படையில், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைக் கேரள சட்டமன்றம் 2011 பிப்ரவரியில் ஒருமனதாக நிறைவேற்றியது. மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பப்பட்டது. ஏறத்தாழ ஐந்தாண்டுகளுக்குப் பின் அது ஒப்புதலின்றித் திரும்பியது.

ஒருமனதான வாக்கெடுப்பும் பயன் தராமற்போனது ஏன்? அரசியல் சட்டத்தின் 200-ஆவது பிரிவின்படி ஆளுநர் ஒரு மசோதாவைக் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கலாம். 201-ஆவது பிரிவில் அவர் முடிவெடுப்பதற்குக் காலவரம்பு குறிப்பிடப்படவில்லை. 2010-ஆம் ஆண்டின் தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் இத்தகைய வழக்குகளுக்கு ஏற்கெனவே வழி செய்துள்ளது என்பது மத்திய அரசுத் தரப்பின் ஆட்சேபணையாகும். ஆனால் அச்சட்டப்படி இழப்பீட்டு மனுவை, காரணம் முதலில் தோன்றியதிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் தாக்கல் செய்தல் வேண்டும். ஆலை நின்றதோ 2004-இல். ஆக, ஒரு கதவு திறக்கப்படாமலும் மற்றொரு கதவு காலங்கடந்தும் போயின.

முல்லைப் பெரியாறு: செல்லாமற்போன சட்டம்

இடுக்கி மாவட்டத்தில் 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை, 1886-ஆம் ஆண்டின் குத்தகை ஒப்பந்தப்படி தமிழ்நாட்டால் பராமரிக்கப்படுகிறது. தேனி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் பாசனம் இதனைச் சார்ந்துள்ளது. அணைக்குக் கீழே வாழும் இடுக்கி மக்களுக்கோ பாதுகாப்பே முதற்கவலை. நீர்மட்டத்தை 136 அடியிலிருந்து 142 அடிக்கு உயர்த்த உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரி 27 அன்று அனுமதித்தது. அடுத்த மாதமே கேரள சட்டமன்றம் ஒரு திருத்தச் சட்டத்தின் மூலம் 136 அடியை உச்சவரம்பாக்கிற்று. 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சட்ட பெஞ்சு, இச்சட்டம் இவ்வணையைப் பொறுத்தவரை செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஒரு வழக்கில் முடிவாகிவிட்ட தீர்ப்பைச் சட்டமியற்றி நேரடியாக ரத்துச் செய்யச் சட்டமன்றத்திற்கு அதிகாரமில்லை என்பதே அதன் சாரம்.

பின்னர் பாராளுமன்றம் அணைப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 2019 ஆகஸ்டில் மக்களவையிலும், 2021 டிசம்பரில் மாநிலங்களவையிலும் இது நிறைவேறிற்று. ஒரு மாநிலத்திற்குரிய அணை மற்றொரு மாநிலத்தின் எல்லைக்குள் இருந்தால், அதன் பாதுகாப்பு மேற்பார்வை தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையத்தைச் சேரும் என்பது இதன் முக்கிய அம்சமாகும்.

பயன் தந்த வாக்குகள்

எல்லா வாக்கெடுப்புகளும் தடைப்படவில்லை. சரக்கு, சேவை வரிக்கான 101-ஆவது திருத்தத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றி, பாதிக்குக் குறையாத மாநிலச் சட்டமன்றங்கள் ஏற்றபின், 2017 ஜூலை 1 முதல் புதிய வரிமுறை வந்தது. வாளையாற்றில் லாரிகளை நீண்ட வரிசையில் நிறுத்திய விற்பனை வரிச் சோதனைச் சாவடி அதனுடன் முடிவுற்றது. 2020-இல் கொரோனா பரவியபோது, எல்லைகளை மூடவும் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தவும் அதிகாரம் தரும் அவசரச் சட்டத்தைக் கேரளம் பிறப்பித்தது. 2021-இல் அது சட்டமன்றத்தின் வழியே நிரந்தரச் சட்டமாயிற்று.

இடுக்கியின் பட்டா நிலங்களில் எழுந்த வேளாண்மை சாராக் கட்டடங்களை முறைப்படுத்த வழிசெய்யும் நில ஒதுக்கீட்டுத் திருத்த மசோதா 2023 செப்டம்பரில் நிறைவேறி, 2024 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. அதன்பின் விதிகள் வகுக்கப்பட வேண்டியிருந்தன. சட்டம் வந்தாலும் விதிகளின்றி அலுவலகத்தில் ஒரு மனுவும் நகராது.

கவனத்திற்குரியவை

எல்லைப்புறத்திற்கான ஒரு மசோதாவை ஆராய்வோர் நான்கு கேள்விகளை எழுப்புதல் நலம். பொருள் எப்பட்டியலைச் சார்ந்தது? மத்தியச் சட்டம் எதனுடனும் முரண்படுகிறதா? அதே பொருளில் நீதிமன்றத் தீர்ப்பு உண்டா? விதிகளும் நிதியும் செயல்படுத்தும் அலுவலரும் தயாரா? இவற்றுக்கு விடை காணாமல் நிறைவேறும் மசோதா, உறுப்பினர்களின் நல்லெண்ணத்துக்குச் சான்றாகலாம். பிளாச்சிமடையின் குடும்பங்களுக்கு இழப்பீடாகாது. அண்டை மாநிலத்துடன் முன்கூட்டியே கலந்து பேசுவதும், மசோதாவின் ஒவ்வொரு சொல்லையும் அரசியல் சட்டத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பதும் காலதாமதமல்ல. பின்னால் வரும் பல ஆண்டுக் காத்திருப்பைக் குறைக்கும் வழியாகும்.