பத்து விழுக்காடு வட்டி என்றால் எவ்வளவு?

படிவம் 4-இல் நான் அறிவியல் பிரிவு. பக்கத்து வகுப்பில் கணக்கியலும் வணிகமும் படித்தவர்களை நாங்கள் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்போம். தப்புன்னு இப்பத்தான் புரியுது.

பல்கலைக்கழகம் போய்வர மோட்டார் எடுத்தோம், அம்மா பெயரில். கடன் 10,000 ரிங்கிட், 5 வருடம், வட்டி 10 விழுக்காடு. நானே கணக்குப் போட்டேன்: வருடத்துக்கு 1,000 வட்டி, ஐந்து வருடத்துக்கு 5,000. மொத்தம் 15,000, 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 250. "சரியாத்தாம்மா இருக்கு, கையெழுத்துப் போடுங்க" என்றேன்.

கணக்கியல் படித்த நண்பன் பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "அஞ்சாவது வருஷம் வர்றதுக்குள்ள கடன்ல பெரும்பகுதி கட்டியிருப்பீங்க. அப்பவும் ஏன்டா முழு 10,000-க்கும் வட்டி?"

இதற்குப் பெயர் ஃப்ளாட் ரேட். அசல் குறைந்தாலும் வட்டி குறையாது. மீதமுள்ள அசலுக்கு மட்டும்தான் வட்டி என்று வைத்து, இதே 250 ரிங்கிட்டைக் கணக்கிட்டுப் பார்த்தோம். ஆண்டு வட்டி 17 விழுக்காட்டைத் தாண்டியது! கால்குலஸ் போடுகிற எனக்கு இது தெரியவில்லை. அம்மா சம்பளத்தில்தான் மாதாமாதம் போகிறது.

நீங்கள் கடன் எடுக்கும்போது, ஃப்ளாட்டா, மீதிக் கடனுக்கு மட்டும் வட்டியா என்று கேளுங்கள். மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்டணும் என்பதையும் கையெழுத்துக்கு முன்பே பாருங்கள். படிவம் 4-க்குப் போகிறவர்கள் கணக்கியல் எடுக்க முடியுமா என்று பள்ளியில் விசாரியுங்கள். சொல்லித்தர ஆசிரியர் இருந்தால், அறிவியல் பாடங்களோடு சேர்த்தே எடுக்கலாம்.