இரண்டாம் இருக்கையில் ஒரு பேராசிரியர்

அன்புள்ள தங்கைக்கு,

பெரம்பலூரில் வீடு, அரியலூர் அரசு கலைக் கல்லூரியில் தமிழ்ப் படிப்பு, மனத்துக்குள் அரசியல் ஆசை. "வாத்தியார் வேலையிலிருந்து அரசியலுக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள்?" என்று கேட்டிருக்கிறாய். உன் சுற்றுவட்டாரத்திலேயே தேடத் தொடங்கலாம். கணித ஆசிரியராக இருந்து எஸ்.ஆர்.எம். கல்வி நிறுவனங்களை உருவாக்கிய பாரிவேந்தர் 2019-ல் பெரம்பலூர் தொகுதியின் மக்களவை உறுப்பினரானார். அரியலூர் மாவட்டம் அங்கனூரில் பிறந்த தொல். திருமாவளவன் போனது நேர் எதிர்ப் பாதை. அரசின் தடய அறிவியல் துறை வேலையை 1999-ல் உதறிவிட்டுத் தேர்தலில் நின்றார். முனைவர் பட்டம் வாங்கியது 2018-ல்தான். இருவருமே அமைச்சரானதில்லை. வகுப்பறையில் தொடங்கி அமைச்சரவை வரை முழுத் தூரமும் நடந்தவர் யார் என்று கேட்டால், தமிழ்நாட்டில் பெயர்கூடச் சொல்ல வேண்டாம். 'பேராசிரியர்' என்றாலே போதும்: க. அன்பழகன்.

திருவாரூர் அருகே காட்டூரில் 1922 டிசம்பர் 19-ல் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் இராமையா. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை படித்த நாட்களில் திராவிட இயக்கம் அவரைப் பற்றிக்கொண்டது; பெயரும் தூய தமிழானது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும் அதே காலம், அதே பல்கலைக்கழகம். 1944-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் ஆசிரியராகச் சேர்ந்தார். அண்ணா பொருளாதாரம் படித்த கல்லூரி அது. 1949 செப்டம்பரில் தி.மு.க. பிறந்த பிறகு பகலில் வகுப்பு, மாலையில் கூட்டம் என்று எட்டு ஆண்டுகள் இரட்டை வாழ்க்கை. பச்சையப்பன் ஓர் அறக்கட்டளைக் கல்லூரி என்பதை இங்கே குறித்துக்கொள். அரசுக் கல்லூரியாக இருந்திருந்தால் அந்த எட்டு ஆண்டுகளுக்கு இடமே இருந்திருக்காது.

அவர் வேலையை விட்டது 1957-ல். அந்தத் தேர்தலில் உன் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. 1956 நவம்பர் 23 விடியும் முன்பு, அரியலூர் அருகே வெள்ளத்தில் வலுவிழந்திருந்த மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்து ஏறத்தாழ 150 பேர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். சில மாதங்களில் வந்த தேர்தலில் அரியலூர் என்ற பெயர் மேடைதோறும் ஒலித்தது. முதல் முறையாகக் களமிறங்கிய தி.மு.க. வென்றது 15 இடங்கள். அண்ணா காஞ்சிபுரத்தில், கலைஞர் குளித்தலையில், பேராசிரியர் எழும்பூரில். அப்போது குளித்தலையும் பெரம்பலூரும் அரியலூரும் ஒரே திருச்சி மாவட்டம்.

யோசித்துப் பார். 34 வயது, நிலையான வேலை, மாதம் பிறந்தால் சம்பளம். கையில் வந்திருப்பதோ, ஆட்சியைப் பிடிக்கும் நிலையில் இல்லாத ஒரு கட்சியின் சட்டமன்ற இடம். அமைச்சர் நாற்காலி அவருக்கு வாய்க்க அதன் பிறகு பதினான்கு ஆண்டுகள் ஆயின. இடையில் மேலவையில் இருந்தார்; 1967-ல் திருச்செங்கோட்டிலிருந்து மக்களவைக்குப் போனார். 1971-ல்தான் மாநில மக்கள் நல்வாழ்வுத் துறை. அந்த ஆட்சியும் 1976 ஜனவரி 31-ல் கலைக்கப்பட்டது.

பதவிகளின் பட்டியலை இதற்கு மேல் நீட்டவில்லை, இணையத்தில் கிடைக்கும். எனக்கு அவர் வாழ்க்கையில் சுவையாகப் படுவது வேறொன்று. அவர் கலைஞரைவிட ஒன்றரை வயது மூத்தவர். கலைஞர் பள்ளியிறுதி தாண்டாதவர். இவர் முதுகலை, கல்லூரி ஆசிரியர். திருவாரூரில் இளைஞரான கலைஞர் மாணவர் மன்றம் நடத்திய நாட்களில் சிறப்புப் பேச்சாளராகப் போய்வந்தவர் இவர். அப்படிப்பட்டவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவருக்கு அடுத்த நாற்காலியிலேயே அமர்ந்திருந்தார்.

கட்சியின் அமைப்பு தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். தி.மு.க.வில் 1969 வரை தலைவர் பதவி பெரியாருக்கென்று காலியாகவே விடப்பட்டிருந்தது. பொதுச்செயலாளர்தான் முதல் மனிதர். அண்ணா மறைந்த பின் தலைவர் பதவி நிரப்பப்பட்டுக் கலைஞர் அமர்ந்தார். பொதுச்செயலாளர் இரண்டாமிடத்துக்கு நகர்ந்தார். அந்த இடத்தில் நெடுஞ்செழியனால் நெடுநாள் இருக்க முடியவில்லை, கட்சியை விட்டே போனார். 1977-ல் அங்கே வந்த பேராசிரியர் 2020 மார்ச் 7-ல் இறக்கும் வரை, 43 ஆண்டுகள், அதே பதவியில் இருந்தார். ஒருவரைக் கட்சியிலிருந்து நீக்குவதென்றால் அறிக்கை பொதுச்செயலாளர் பெயரில்தான் வரும். கசப்பான காரியங்களுக்குக் கையெழுத்து இவருடையது. மாலை மரியாதை பெரும்பாலும் இன்னொருவருக்கு. 2009-ல் துணை முதலமைச்சர் பதவி உண்டானபோது அது மு.க. ஸ்டாலினுக்குப் போனது. நிதியமைச்சராக இருந்த 86 வயதுப் பேராசிரியர் அதன் பிறகும் நிதியமைச்சராகவே தொடர்ந்தார். 2018 ஆகஸ்டில் ஸ்டாலின் தலைவராகத் தேர்வானதைப் பொதுக்குழுவில் அறிவித்தவரும் அவர்தான்.

இதைப் பணிவு என்று புகழ்வோரும் உண்டு, துணிச்சல் போதாது என்று சொல்வோரும் உண்டு. எனக்கு இரண்டுமே அரைகுறைத் தீர்ப்பாகத் தோன்றுகின்றன. கல்லூரி ஆசிரியனுக்கு ஒரு பழக்கம் உண்டு: தன்னிடம் படித்தவன் தன்னைவிட உயரத்துக்குப் போவதை ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டு, மறுநாள் அதே பாடத்தை அடுத்த கூட்டத்துக்கு நடத்துவது. அந்தப் பழக்கம் கட்சி அரசியலில் மிக அரிதான சரக்கு. அதற்கு விலையும் இருந்தது. தலைவரின் முடிவு தவறென்று பொதுவெளியில் மறுத்துப் பேசும் உரிமையை அவர் பெரும்பாலும் விட்டுக்கொடுத்தார்.

ஆனால் கொள்கைக்காக இழப்பது என்று வந்தபோது தயங்கவில்லை. 1983 ஆகஸ்டில் ஈழத்தமிழர் பிரச்சினைக்காகக் கலைஞரோடு சேர்ந்து சட்டமன்ற உறுப்பினர் பதவியைத் துறந்தார். 1986-ல் ஆட்சிமொழி பற்றிய அரசமைப்புச் சட்டப் பகுதியின் நகலை எரித்த போராட்டத்துக்காக, பேரவைத் தலைவர் பி.எச். பாண்டியன் காலத்தில் தி.மு.க. உறுப்பினர்கள் பத்துப் பேர் அவையிலிருந்து நீக்கப்பட்டனர். அதில் இவரும் ஒருவர். அந்த நீக்கத்தை எதிர்த்துத் தொடுத்த, சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கில் அவர் பெயர் இருக்கிறது. உங்கள் கீழப்பழுவூர்ச் சின்னசாமி 1964 ஜனவரி 25-ல் திருச்சி ரயில் நிலையத்தில் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்குளித்தாரே, அந்தத் தலைமுறையின் கோபத்தை அறுபதைத் தாண்டிய வயதிலும் அணையாமல் வைத்திருந்தவர் என்று எடுத்துக்கொள்.

கல்வி அமைச்சராக இருமுறை இருந்தார்: 1989 முதல் 1991 வரை, பிறகு 1996 முதல் 2001 வரை. ஒரு தமிழாசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான துறை கிடையாது. அங்கேதான் அவருடைய பெரிய தோல்வியும் நேர்ந்தது. ஐந்தாம் வகுப்பு வரை தமிழோ தாய்மொழியோதான் பயிற்றுமொழி என்று 1999-ல் அரசாணை வந்தது. மெட்ரிகுலேஷன் பள்ளிகள் வழக்குப் போட்டன. 2000 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. கர்நாடகத்தின் இதே போன்ற வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, தாய்மொழியைப் பயிற்றுமொழியாகத் திணிக்க அரசுக்கு அதிகாரமில்லை என்று சொன்னதும் அந்தக் கதவு அடைபட்டது. வாழ்நாளெல்லாம் வகுப்பறையிலும் மேடையிலும் வாதாடி வென்ற ஒருவர், அதிகாரம் கைக்கு வந்த பிறகு அதே வாதத்தை ஆணையாக்கித் தோற்றார். பெற்றோர் ஆங்கிலவழிப் பள்ளியின் வாசலில் வரிசையில் நிற்கும்போது ஓர் ஆணை எவ்வளவு தூரம் போகும் என்பதை, அமைச்சராகிப் பார்த்தவர்களுக்குத்தான் உறைக்கும்.

2001-ல் கட்சி தோற்றது. அவையில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர் இவர். 2006-ல் ஆட்சி திரும்பியதும், 83 வயதில் நிதித்துறை. தமிழ் இலக்கணம் நடத்தியவருக்கு வரவு செலவுக் கணக்கு. கூட்டுறவு வங்கிகளில் உழவர்கள் வாங்கிய ஏறத்தாழ 7,000 கோடி ரூபாய்க் கடன் தள்ளுபடி, கிலோ இரண்டு ரூபாய்க்கும் 2008 செப்டம்பர் முதல் ஒரு ரூபாய்க்கும் ரேஷன் அரிசி, வீட்டுக்கு வீடு இலவச வண்ணத் தொலைக்காட்சி என்று அந்த ஆட்சியின் வாக்குறுதிகளுக்கெல்லாம் பணம் ஒதுக்கியவை அவருடைய நிதிநிலை அறிக்கைகள். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் போடும் பெரம்பலூர்க்காரர்களிடம் கேட்டுப் பார், முதலில் கடன் தள்ளுபடியைத்தான் சொல்வார்கள். தொலைக்காட்சி விஷயத்தில் எனக்கு அன்றும் ஐயம்தான், இன்றும் ஐயம்தான்.

உன் மாவட்டத்தின் கதையும் இதே காலத்துக்குள் வருகிறது. திருச்சியிலிருந்து 1995-ல் பிரிந்த பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து, 2001 ஜனவரி முதல் தேதி அரியலூர் தனி மாவட்டமானது. ஆட்சி மாறியது, 2002 மார்ச் இறுதியில் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டது. 2007 நவம்பர் 23-ல் மறுபடியும் பிரிந்தது. (அந்த ரயில் விபத்து நடந்த அதே தேதி, 51 ஆண்டு கழித்து. தேதி குறித்தவர்களுக்கு இது நினைவிருந்ததா தெரியாது.) அரியலூர் மாவட்டமான இரு தடவையும் பேராசிரியர் அமைச்சரவையில் இருந்தார், முதலில் கல்வி, பின்பு நிதி. மாவட்டம் என்றால் வரைபடத்தில் ஒரு கோடு மட்டும் இல்லை. ஆட்சியர் அலுவலகம், கருவூலம், முதன்மைக் கல்வி அலுவலர், அத்தனைக்கும் பணியிடங்கள், அத்தனைக்கும் சம்பளம். 2008-ல் அரியலூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி வந்தது. இவற்றையெல்லாம் ஒரு தனி மனிதர் கணக்கில் எழுதிவிட முடியாது. அமைச்சர் வேலையின் பெரும்பகுதி இப்படித்தான்: பத்துப் பேர் சேர்ந்து எடுத்த முடிவில் ஒருவராக இருப்பது. வகுப்பறையில் ஒற்றைக் குரலாக இருந்து பழகியவர்களுக்கு இது எளிதில் பிடிபடுவதில்லை.

பிடிபடாமல் போனவர்களும் உண்டு. இலங்கையில் செ. சுந்தரலிங்கம், கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர், 1947-ல் வவுனியாவில் வென்று டி.எஸ். சேனாநாயக்கவின் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சரானார். இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைச் சட்டமூலத்தில் முரண்பட்டு அடுத்த ஆண்டே வெளியேறினார். கணக்கில் அவர் சரி; கூட்டணியில் தனி ஆள். டெல்லியில் பொருளாதாரம் கற்பித்த மன்மோகன் சிங் 1991-ல் நிதியமைச்சராவதற்கு முன்பு, தலைமைப் பொருளாதார ஆலோசகர், ரிசர்வ் வங்கி ஆளுநர் என்று அரசு நிர்வாகத்தில் இருபதாண்டு ஊறியிருந்தார். இங்கே கல்லூரி ஆசிரியராக இருந்து 1989-ல் சட்டமன்றம் வந்த க. பொன்முடி, உயர்கல்வித் துறையையே நடத்தியவர்; 2025 ஏப்ரலில் ஒரு மேடைப் பேச்சு அவருடைய கட்சிப் பதவியையும் அமைச்சர் பதவியையும் ஒரே மாதத்தில் கொண்டுபோனது. பேசுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு நாக்கும் ஓர் ஆபத்து.

பேராசிரியர் 2011-ல், 88 வயதில், வில்லிவாக்கத்தில் நின்று தோற்றார். இன்று சென்னை நந்தனத்தில் நிதித்துறை வளாகத்துக்கும், கல்லூரிச் சாலையில் பள்ளிக்கல்வித் துறை வளாகத்துக்கும் அவர் பெயர். ஆசிரியர் தேர்வு வாரியம் இருப்பது அந்தக் கல்லூரிச் சாலை வளாகத்தில்தான். நீ உதவிப் பேராசிரியர் தேர்வெழுதினால் அந்த முகவரி உனக்கு மனப்பாடமாகிவிடும்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். அரசுக் கல்லூரியில் சேர்ந்தால் நீ அரசு ஊழியர். நடத்தை விதிகளின்படி எந்தக் கட்சியிலும் உறுப்பினராக முடியாது, தேர்தலில் நிற்க வேண்டுமானால் வேலையை விட்டாக வேண்டும். ஆசிரியர்களும் பட்டதாரிகளும் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய மேலவை 1986-ல் ஒழிக்கப்பட்டது. 2010-ல் திரும்பக் கொண்டுவர நடந்த முயற்சியும் ஆட்சி மாற்றத்தோடு நின்றது. சட்டமன்றத்துக்கு 25 வயதாக வேண்டும். ஊராட்சி வார்டுக்கு 21 போதும். உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு. ஆகவே தேசியத் தகுதித் தேர்வா, வார்டு தேர்தலா என்று இப்போதே மண்டையை உடைத்துக்கொள்ளாதே. இந்த வயதில் இரண்டும் ஒன்றோடொன்று மோதாது. பணி நியமன உத்தரவு கைக்கு வரும் நாளில்தான் ஒன்றை விட வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அண்ணன்