வானவழியே நேரலை அனுப்புவோர் அறிய வேண்டியவை



தாயின் அடக்கத்திற்கு வர இயலாத மகன் தூரதேசத்தில் கைபேசியின் முன் அமர்ந்திருக்கிறான். கம்பி எட்டாத மலையூரிலிருந்து செயற்கைக்கோள் இணையம் வழியாக வீட்டார் நேரலை அனுப்புகிறார்கள். பெட்டியைக் குழியில் இறக்கும் வேளையில் படம் நின்றுவிடுகிறது. அந்த நிமிடத்தை அவனுக்குத் திருப்பிக் கொடுப்பவர் யார்? ஆகையால் சில காரியங்களை அறிந்துகொள்வோம்.

முதலாவது, வழியின் இயல்பு. ஒருவகைச் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலையாக நிற்பதுபோல் தோன்றும். செய்தி போய்ப் பதில் வர அரை வினாடிக்கு மேலாகும். ஸ்டார்லிங்க் கோள்களோ ஏறக்குறைய 500 கிலோமீட்டர் உயரத்தில் விரைந்தோடுகின்றன. தாமதம் சொற்பமே, ஆனால் ஒரு கோளை விட்டு மறுகோளைப் பற்றும்போது சில தகவல் பொட்டலங்கள் தவறக்கூடும். மரக்கிளை மறைத்தாலும் அப்படியே. எனவே தட்டுக்கு வானம் திறந்திருக்கட்டும்.

இரண்டாவது, அளவு. நேரலை அனுப்புகிறவர் பார்க்க வேண்டியது பதிவிறக்க வேகமல்ல, பதிவேற்ற வேகமே. முந்தின நாள் அதே நேரத்தில், அதே இடத்தில் பலமுறை அளந்து பாருங்கள். மிகக் குறைந்த அளவில் பாதியை மட்டும் பயன்படுத்துங்கள். அது 6 மெகாபிட் என்றால் 3 மெகாபிட் அனுப்புங்கள். 720 வரிப் படத்திற்கு அது போதும். “சாமி, படம் இன்னும் தெளிவாயிருக்க வேண்டாமா?” என்பீர்கள். பாதியில் அறுந்துபோகும் தெளிவினால் யாருக்கு என்ன லாபம்?

மூன்றாவது, அனுப்பும் முறை. பலரும் கையாளும் ஆர்.டி.எம்.பி. முறையில் ஒரு பொட்டலம் தவறினால் பின்வருவன எல்லாம் அதற்காகக் காத்து நிற்கும். 2017-இல் யாவருக்கும் திறந்துவிடப்பட்ட எஸ்.ஆர்.டி. முறையோ, தவறியதை மாத்திரம் குறித்த அவகாசத்திற்குள் மறுபடி கேட்டு வாங்கும். செய்தி போய்வரும் நேரத்தைப்போல் மூன்று, நான்கு மடங்கு அவகாசம் கொடுங்கள். போய்வர 600 மில்லிவினாடி ஆனால், இரண்டரை வினாடி வையுங்கள். பார்க்கிறவருக்கு அந்தத் தாமதத்தால் நட்டமொன்றுமில்லை.

கடைசியாக, கணினியை வைஃபையில் விடாமல் கம்பியால் இணையுங்கள். அந்நேரம் வீட்டிலுள்ள மற்றக் கைபேசிகள் அந்த இணைப்பைத் தொடாதிருக்கட்டும். கேமராவிலேயே ஒரு பிரதியும் பதிவாகட்டும். வழி அடைபட்டாலும் பிற்பாடு அனுப்பலாம்.

சற்று மங்கலாயினும் முடிவுவரை நில்லாமல் செல்லும் படமே, தொலைவில் அழுதுகொண்டிருப்பவருக்கு நாம் செய்யும் உதவி.